வைடால் பாசிட்டிவ் என்கிறார்கள், இது டைபாய்டுதானா? (மதுரைப் பக்கத்து ஆட்கள் சொல்லுங்கள்)

இரண்டு பிள்ளை அம்மா | திங்கள், இரவு 9.40

போன புதன்கிழமையிலிருந்து என் மகனுக்குக் காய்ச்சல். வயது ஒன்பது. காலையில் கொஞ்சம் தணிந்த மாதிரி இருக்கிறது, பொழுது சாயச் சாய ஏறிவிடுகிறது. முதல் நாள் உடம்பு வெதுவெதுப்பாகத்தான் இருந்தது, நேற்று இரவு 103. தலைவலி, வயிற்றுவலி என்கிறான். சளி, இருமல் எதுவும் இல்லை. நாக்கு நடுவில் வெள்ளையாகப் படிந்து ஓரம் மட்டும் சிவந்திருக்கிறது. சோறு என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறான்.

சனிக்கிழமை பக்கத்து லேபில், டைபாய்டு இருக்கிறதா என்று பார்க்கும் வைடால் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தோம். வைடால் பாசிட்டிவ், ஓ 1:80, எச் 1:160 என்று தாளில் போட்டிருக்கிறார்கள். மெடிக்கல் கடையில் காட்டினால், “டைபாய்டுதான், அஞ்சு நாளைக்கு மாத்திரை தர்றேன்” என்கிறார்கள். இன்னும் வாங்கவில்லை. மாமியார் நிலவேம்புக் கஷாயம் போதும் என்கிறார்.

நாங்கள் இருப்பது மதுரைக்கு வடக்கே, ஊராட்சித் தண்ணீர் வருகிற புது நகர் ஒன்றில். குடிக்கக் கேன் தண்ணீர்தான் வாங்குகிறோம். அப்படியிருந்தும் எப்படி வந்தது? நான்கு வயதில் ஒரு மகளும் இருக்கிறாள். அவளுக்கு வராமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

சிம்மக்கல் பெரியவர் | திங்கள், இரவு 10.05

தாயி, பயப்படாதே. எங்கள் காலத்தில் வீட்டுக்கு ஒருவருக்கு வந்துபோன காய்ச்சல்தான். கஞ்சி மட்டும் கொடு. எண்ணெய், தயிர், முட்டை மூன்றும் மூன்று மாதத்துக்கு ஆகாது. டாக்டரைப் பார்க்காமல் மட்டும் இருந்துவிடாதே.

லேப் தம்பி | திங்கள், இரவு 10.50

அக்கா, லேபில் வேலை பார்க்கிறவன் என்ற முறையில் அந்தத் தாளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். வைத்தியத்தை டாக்டர்கள் சொல்லட்டும்.

வைடால் என்பது கிருமியைப் பார்க்கும் பரிசோதனை இல்லை. 1896இல் பிரான்சில் வந்தது, ஃபெர்னாண்ட் வைடால் என்ற மருத்துவரின் பெயரில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. சின்ன லேபில் நடப்பது இதுதான்: ரத்தத்தைச் சுழலவிட்டு, மேலே தெளிந்து நிற்கும் சீரத்தைக் கண்ணாடித் தகட்டில் சொட்டுச் சொட்டாக வைப்போம். ஒரு சொட்டில் நீல மருந்து, அது ஓ, கிருமியின் உடலுக்கானது. இன்னொன்றில் சிவப்பு மருந்து, அது எச், கிருமியின் வாலுக்கானது. குச்சியால் கலக்கி, தகட்டை ஒரு நிமிடம் இப்படியும் அப்படியும் சாய்த்து ஆட்டுவோம். பொடிப்பொடியாகத் திரண்டால் பாசிட்டிவ், ஒரே சீராக நின்றால் நெகட்டிவ். நேரம் தாண்டிவிட்டால் சொட்டு காய்ந்து, திரண்ட மாதிரியே தெரியும். திரண்டதா இல்லையா என்று முடிவு சொல்வதும் பார்க்கிறவர் கண்தான்.

அது காட்டுவதெல்லாம், உடம்பு எப்போதோ இந்தக் கிருமியையோ இதன் உறவுக் கிருமிகளையோ சந்தித்து எதிர்ப்புப்பொருள் செய்து வைத்திருக்கிறது என்பதை மட்டும்தான். நம் பக்கத்தில் நல்ல ஆரோக்கியமாக நடமாடும் ஆளிடமே 1:80, அதாவது சீரத்தை எண்பது மடங்கு தண்ணியாக்கியும் திரள்வது, சாதாரணம். முன்பு வந்துபோன டைபாய்டு, போட்ட தடுப்பூசி, மலேரியா என்று எதுவும் இதை ஏற்றிக் காட்டலாம். இன்னொரு பக்கம், உண்மையான டைபாய்டிலேயே முதல் வாரம் நெகட்டிவ் வரலாம், ஏனென்றால் எதிர்ப்புப்பொருள் உருவாக நாள் பிடிக்கும். முறைப்படி என்றால் பத்துப் பதினான்கு நாள் இடைவெளியில் இரண்டு தடவை எடுத்து, அளவு நான்கு மடங்கு ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கொதிக்கிற பிள்ளையை வைத்துக்கொண்டு யார் அத்தனை நாள் காத்திருப்பார்கள்? அதனால் ஒற்றைத் தாளிலேயே தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள்.

நீங்கள் கேட்க வேண்டியது பிளட் கல்ச்சர். ஊசி குத்தும் இடத்தை நன்றாகத் துடைத்துவிட்டு, எடுத்த ரத்தத்தை நேராக ஊட்டக்கரைசல் இருக்கும் பாட்டிலில் விடுவோம். பெரியவர்களுக்கு எட்டிலிருந்து பத்து மில்லி, பிள்ளைகளுக்கு எடைக்குத் தக்கபடி குறைவு. கிருமி இருந்தால் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் வளர்ந்து தெரியும். ஐந்து நாள் வரை பார்ப்போம். வளர்ந்தால், எந்த மருந்துக்குச் சாகிறது, எதற்கு அசையவில்லை என்பதையும் சொல்லிவிடலாம்.

இதிலும் குறை உண்டு. நூறு டைபாய்டுக்காரர்களில் ஏறக்குறைய அறுபது பேரிடம்தான் பிடிபடும். ஆன்டிபயாடிக் போட்டுவிட்டு வந்தால் அதுவும் குறையும். நீங்கள் மாத்திரை வாங்காமல் இருந்தீர்களே, அது பெரிய காரியம் அக்கா. அப்படியே நாளைக் காலையில் குழந்தை மருத்துவரிடம் போய்விடுங்கள்.

பொது மருத்துவர் | செவ்வாய், காலை 6.15

தம்பி சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன்.

அம்மா, படிப்படியாக ஏறும் காய்ச்சல், சாயங்காலத்தில் கூடுவது, வயிற்றுவலி, நாக்குப் படிவு எல்லாம் டைபாய்டை நினைக்க வைக்கின்றன. ஆனால் நம் மாவட்டத்தில் டெங்கு இருக்கிறது, உண்ணிக் காய்ச்சல் இருக்கிறது, எலிக்காய்ச்சல் இருக்கிறது. குறிப்பாக உண்ணிக் காய்ச்சலை வைடால் தாள் பல தடவை மறைத்துவிடுகிறது. பிள்ளையின் அக்குள், தொடை இடுக்கு, காதுக்குப் பின்னால், இடுப்புக் கயிறு படும் இடம் எல்லாம் பாருங்கள். சிகரெட் சுட்டது மாதிரி கருப்புப் பொருக்கு ஒன்று இருந்தால் அதை டாக்டரிடம் காட்டுங்கள். அந்த நோய்க்கு மருந்தே வேறு. டைபாய்டில் நெஞ்சிலும் வயிற்றிலும் ரோஜா நிறப் புள்ளிகள் வரும் என்று படித்திருப்பீர்கள். நம் தோல் நிறத்தில் அது தெரிவது அரிது, அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

டைபாய்டுக் கிருமி சால்மோனெல்லா டைஃபி. அது குடியிருப்பது மனிதரிடம் மட்டுமே. கொசு, மாடு, கோழி எதுவும் காரணம் இல்லை. ஒருவர் மலத்தில் வெளியேறியது தண்ணீர் வழியாகவோ கை வழியாகவோ இன்னொருவர் வாய்க்குள் போக வேண்டும், அப்போதுதான் நோய். உள்ளே போனதும் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் இருக்கும் நிணநீர்த் திட்டுக்களில் புகுந்து, ரத்தத்தில் கலந்து, கல்லீரல், மண்ணீரல், எலும்பு மஜ்ஜை, பித்தப்பை வரை போய்ச் சேரும். காய்ச்சல் தொடங்கப் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரம் ஆகும், சிலருக்கு ஒரு மாதம்கூட ஆகலாம். ஆகவே ‘முந்தாநாள் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை’ என்று தேடுவதில் பயன் இல்லை.

சரியான மருந்து இல்லாமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால்தான் எனக்குப் பயம். குடலில் அந்தத் திட்டுக்கள் புண்ணாகி ரத்தம் கசியும், சில பேருக்கு ஓட்டையே விழுந்துவிடும். அப்புறம் அறுவைச் சிகிச்சைதான். ஆன்டிபயாடிக் இல்லாத காலத்தில் இந்த நோய் வந்தவர்களில் பத்தில் ஒருவருக்கு மேல் இறந்தார்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2019 மதிப்பீட்டின்படி இன்றும் உலகில் ஆண்டுக்கு 90 லட்சம் பேருக்கு வருகிறது, 1,10,000 பேர் இறக்கிறார்கள். வயிறு கல்லாக இறுகினாலோ, மலம் கருப்பாகப் போனாலோ, பிள்ளை பிதற்றினாலோ, எழுப்ப எழுப்பத் தூங்கிக்கொண்டே இருந்தாலோ, குடித்த தண்ணீர்கூடத் தங்காமல் வாந்தி எடுத்தாலோ யாரிடமும் கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள். இரவு எத்தனை மணி ஆனாலும் பெரியாஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள்.

மெடிக்கல் கடை மாத்திரை ஏன் கூடாது என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1948இல் குளோரம்பெனிக்கால் வந்தபோது டைபாய்டு ஒழிந்தது என்றே நினைத்தார்கள். 1972இல் இதோ பக்கத்தில், கோழிக்கோட்டில், அந்த மருந்துக்கு மசியாத கிருமி பரவியது. அடுத்து வந்த சிப்ரோஃப்ளாக்சசினும் இப்போது இந்தியாவில் பெரும்பாலான கிருமிகளிடம் எடுபடுவதில்லை. 2016இல் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் செஃப்ட்ரியாக்சோன் ஊசிக்கே அடங்காத வகை கிளம்பியது. நமக்குக் கையில் மிஞ்சியிருப்பது கொஞ்சம். அதைப் பெயர் தெரியாத மாத்திரையாக, அரைகுறை நாளுக்கு வாங்கிப் போட்டுத் தீர்த்துவிடக் கூடாது.

ஐயா சொன்ன பத்தியத்தில் மட்டும் மாறுபடுகிறேன், மன்னிக்க வேண்டும். கஞ்சி நல்லதுதான், ஆனால் கஞ்சி மட்டும் கொடுத்தால் பிள்ளை துவண்டுபோகும். குழைந்த சோறு, இட்லி, பருப்பு, வேகவைத்த முட்டை, வீட்டுத் தயிர், வாழைப்பழம் எல்லாம் கொடுக்கலாம். எண்ணெயில் பொரித்தது, காரம், நார் அதிகமுள்ளது மட்டும் கொஞ்ச நாளைக்கு வேண்டாம். கஷாயம் கொடுப்பதானால் பார்க்கும் மருத்துவரிடம் சொல்லிவிட்டுக் கொடுங்கள். கஷாயத்தை நம்பி ஆன்டிபயாடிக்கைத் தள்ளிப்போடக் கூடாது, அவ்வளவுதான்.

சிம்மக்கல் பெரியவர் | செவ்வாய், காலை 7.00

சரி டாக்டரம்மா. பட்டினி போட்டதால்தான் எங்கள் காலத்துப் பிள்ளைகள் அப்படி எலும்பும் தோலுமாக எழுந்தார்களோ என்னவோ.

இரண்டு பிள்ளை அம்மா | செவ்வாய், பிற்பகல் 2.20

காலையில் போய்விட்டு வந்தோம். கருப்புப் பொருக்கு எங்கும் இல்லை. கல்ச்சருக்கு ரத்தம் எடுத்தார்கள், டெங்குவுக்கும் பார்த்தார்கள், டெங்கு இல்லை. ரத்தம் எடுத்த பிறகு ஊசி தொடங்கியிருக்கிறார்கள். எல்லோருக்கும் நன்றி. தண்ணீர் விஷயம் மட்டும் இன்னும் புரியவில்லை.

மேலூரான் | செவ்வாய், மாலை 4.10

இதில் புரியாமல் என்ன இருக்கிறது? பள்ளிக்கூட வாசலில் ஐஸ், மாங்காய்க் கீற்று, ஞாயிற்றுக்கிழமை கடைச் சாப்பாடு, ஜிகர்தண்டா. வெளியில் சாப்பிடுவதை நிறுத்தினால் டைபாய்டே வராது.

மெஸ் நடத்துகிறவன் | செவ்வாய், இரவு 11.30

கடையைச் சாத்திவிட்டு இப்போதுதான் பார்க்கிறேன். அண்ணே, கடைச் சாப்பாடு என்று மொத்தமாகத் தள்ளாதீர்கள். அடுப்பிலிருந்து இறங்கும் இட்லி, கல்லிலிருந்து வரும் தோசை, கொதிக்கிற குழம்பு இவற்றில் அந்தக் கிருமி பிழைக்காது. ஆபத்து இருப்பது சூடு படாத இடங்களில். பச்சைத் தண்ணீர் விட்டு அரைத்துக் காலையிலிருந்து வாளியில் நிற்கும் தேங்காய்ச் சட்னி, வெங்காயப் பச்சடி, மோர், மேசைமேல் ஜக்குத் தண்ணீர், கழுவிய பிறகு ஈரத்தோடு வைக்கும் டம்ளர். என் கடையில் சட்னிக்கு ஆறவைத்த வெந்நீர்தான், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புதிதாக அரைப்போம்.

ஐஸ் விஷயத்தில் அண்ணன் சொல்வது சரி. உறைந்தால் கிருமி செத்துவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள், சாகாது. மீனுக்குப் போடும் ஐஸ் பாரும் குடிக்கும் ஐஸும் ஒன்றாகிவிடக் கூடாது என்றுதான் சாப்பிடக் கூடாத ஐஸுக்கு நீல நிறம் சேர்க்கச் சொல்லி 2018இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டது. ஜிகர்தண்டா குடிக்கிறவர்கள், கடைக்காரர் ஐஸை எங்கிருந்து எடுக்கிறார் என்று ஒரு கண் பாருங்கள், தவறே இல்லை. சித்திரைத் திருவிழாவில் பந்தல் போடுகிற அன்பர்களுக்கும் இதையே கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். மோரும் பானகமும் புண்ணியம்தான், அண்டாவில் ஊற்றுகிற தண்ணீர் எது என்பதைப் பாருங்கள். சொம்பை உள்ளே முக்கி எடுக்காமல், குழாய் வைத்த பாத்திரமாக வையுங்கள்.

இன்னொன்று, சமைக்கிறவர் கை. உணவுத் தொழிலில் இருப்பவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு தடவை உடல் பரிசோதனையும் டைபாய்டு தடுப்பூசியும் வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. எங்கள் ஆட்களுக்கு நான் கூட்டிக்கொண்டு போய்ப் போட்டுவிடுகிறேன். கறி நறுக்கும் பையன் கழிப்பறை போய்விட்டு வந்தால் சோப்பு எங்கே இருக்கிறது என்பதுதான் கடையின் மானமே.

பொது மருத்துவர் | புதன், காலை 6.05

மெஸ் அண்ணன் தொட்ட இடம் முக்கியமானது. டைபாய்டு குணமானவர்களில் நூற்றுக்கு ஒன்றிலிருந்து ஐந்து பேர் வரை, எந்தத் தொந்தரவும் இல்லாமல், ஓராண்டுக்கு மேலும் மலத்தில் கிருமியை வெளியேற்றிக்கொண்டே இருப்பார்கள். பித்தப்பையில் அது தங்கிவிடுகிறது, பித்தக்கல் இருந்தால் இன்னும் வசதி. நியூயார்க்கில் மேரி மாலன் என்ற சமையல்காரப் பெண் அப்படித்தான் வேலை பார்த்த பல வீடுகளில் காய்ச்சலை விட்டுவிட்டுப் போனார். 1907இல் பிடித்துத் தனிமையில் வைத்து, 1910இல் சமையல் வேலை செய்யக் கூடாது என்று சொல்லி விட்டார்கள். மறுபடியும் சமைக்கப் போனதால் 1915இல் திரும்பவும் அடைத்தார்கள். 1938இல் அங்கேயே இறந்தார். அவர் உடம்புக்கு ஒன்றும் இல்லை, தன்னால் நோய் பரவுகிறது என்பதை அவர் நம்பவே இல்லை. எனக்கு அந்தப் பெண்ணை நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது. இன்று அப்படி யாரையும் பூட்டி வைக்க வேண்டியதில்லை, மருந்து இருக்கிறது, சோப்பு இருக்கிறது.

டேங்க் ஆபரேட்டர் | புதன், இரவு 8.45

தங்கச்சி, உங்கள் தண்ணீர்க் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். ஊராட்சி மேல்நிலைத் தொட்டியைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை.

கேன் தண்ணீர் குடிக்க மட்டும்தானே? பல் துலக்குவது, வாய் கொப்பளிப்பது, கீரையும் கொத்தமல்லியும் அலசுவது, தட்டு கழுவுவது எந்தத் தண்ணீரில்? குளிக்கும்போது பிள்ளைகள் ஒரு வாய் குடிக்காமலா இருக்கின்றன? பள்ளிக்கூடத்தில் பாட்டில் காலியானால் குழாயில்தான் பிடிப்பான். கேன்களிலும் மூடிச் சீல், ஐஎஸ்ஐ முத்திரை பார்த்து வாங்குகிறவர்கள் குறைவு. வீட்டில் கேனைக் கவிழ்க்கும் பானையை எத்தனை பேர் மாதா மாதமாவது தேய்த்துக் கழுவுகிறோம்?

அடுத்தது குழாய். நம் பக்கம் தண்ணீர் இருபத்துநான்கு மணி நேரமும் வருவதில்லை, ஒரு நாள் விட்டு ஒரு நாள், சில இடத்தில் அதற்கும் மேல். தண்ணீர் ஓடும்போது குழாய்க்குள் அழுத்தம் இருக்கும், சின்ன ஓட்டை இருந்தால் தண்ணீர் வெளியே கசியும். நிறுத்தியதும் குழாய் காலியாகி, வெளியே இருப்பதை உள்ளே இழுக்கும். வெளியே என்ன இருக்கிறது? பல தெருக்களில் வீட்டு இணைப்புக் குழாய் வாய்க்காலுக்குக் குறுக்கே, சாக்கடைக்குள்ளேயே முங்கிப் போகிறது. அதில் ஒரு இணைப்பு தளர்ந்திருந்தால் போதும். இதோடு லைனில் மோட்டாரை மாட்டி உறிஞ்சுகிறார்கள். நான்கு வீட்டில் மோட்டார் ஓடினால் சாக்கடைத் தண்ணீரும் சேர்ந்துதான் வரும், தெருக்கடைசி வீட்டுக்கு அதுதான் போய்ச் சேரும். எத்தனை தடவை கெஞ்சியிருக்கிறேன், கேட்பதில்லை. உங்கள் மோட்டாரால் அடுத்த வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் வருகிறது என்பதை யாராவது உரக்கச் சொல்ல வேண்டும், அதனால் இங்கே சொல்கிறேன்.

குழாய் திறந்ததும் முதலில் கலங்கலாகவோ நாற்றத்தோடோ வந்தால் பிடிக்காதீர்கள். தெளிவாக வந்தாலும் நல்ல தண்ணீர் என்று அர்த்தம் இல்லை. குளோரின் இருக்கிறதா என்று பார்க்கச் சின்னப் பெட்டி ஒன்று இருக்கிறது. குழாய்த் தண்ணீரில் மருந்து சொட்டு விட்டால் மஞ்சளாக மாறும், எவ்வளவு மஞ்சள் என்பதை அட்டையோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிஞ்சியிருக்க வேண்டும். தொட்டிக்கு அடியில் பார்த்துவிட்டுச் சரி என்று போகக் கூடாது, கடைசி வீட்டில் பார்க்க வேண்டும். நாங்கள் ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் கணக்கில் பிளீச்சிங் பவுடர் எடுத்து, வாளியில் குழைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிவை மட்டும் தொட்டியில் ஊற்றுவோம். ஒரு மணி நேரம் கழித்துத்தான் திறந்துவிடுவோம். பவுடர் மூட்டை திறந்தபடி கிடந்தால் வீரியம் போய்விடும். தொட்டி மருந்து சரியாக இருந்தும் கடைசி வீட்டில் மஞ்சளே வரவில்லை என்றால், நடுவில் எங்கேயோ அழுக்கு கலக்கிறது.

உங்கள் தெருவில் வேறு யாருக்காவது காய்ச்சல் இருக்கிறதா என்று விசாரியுங்கள் தங்கச்சி.

இரண்டு பிள்ளை அம்மா | வியாழன், காலை 10.30

அண்ணே, விசாரித்தேன். எங்கள் வரிசையில் இன்னும் இரண்டு வீட்டில் பிள்ளைகளுக்குக் காய்ச்சல். எங்கள் வீடு கடைசியிலிருந்து மூன்றாவது.

இன்று கல்ச்சர் முடிவும் வந்துவிட்டது. டைபாய்டேதான். சிப்ரோஃப்ளாக்சசினுக்கு மசியவில்லை, செஃப்ட்ரியாக்சோனுக்கும் அசித்ரோமைசினுக்கும் அடங்குகிறது என்று எழுதியிருக்கிறார்கள். மெடிக்கல் கடையில் எடுத்து வைத்த மாத்திரை எது என்று இப்போது போய்க் கேட்டேன், சிப்ரோஃப்ளாக்சசின். ஆனால் ஊசி போட்டும் இன்னும் 101 இருக்கிறதே? மகளுக்குத் தடுப்பூசி இப்போதே போடலாமா?

பொது மருத்துவர் | வியாழன், பிற்பகல் 1.15

பயப்படாதீர்கள் அம்மா. சரியான மருந்து போட்டாலும் டைபாய்டுக் காய்ச்சல் தணிய நான்கிலிருந்து ஆறு நாள் பிடிக்கும். கிருமி செல்லுக்குள் ஒளிந்திருப்பதால் மெதுவாகத்தான் இறங்கும். உச்சம் தினமும் கொஞ்சம் குறைகிறதா, பிள்ளை முகம் தெளிகிறதா என்று பாருங்கள். காய்ச்சல் விட்ட பிறகும் சொன்ன நாள் வரை மருந்தை முடிக்க வேண்டும். முடித்து இரண்டு மூன்று வாரத்துக்குள் மறுபடி காய்ச்சல் வந்தால் திரும்பக் காட்டுங்கள், சிலருக்கு மீண்டும் வருவது உண்டு.

செவிலியர் அக்கா | வியாழன், மாலை 5.40

தடுப்பூசிக்கு நான் சொல்கிறேன். இப்போது போடுவது டைபாய்டு கான்ஜுகேட் தடுப்பூசி. ஹைதராபாத்தில் பாரத் பயோடெக் செய்தது, உலகச் சுகாதார நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்றது. ஆறு மாதக் குழந்தையிலிருந்து போடலாம், ஒரே ஊசி. பழைய வகை இரண்டு வயதுக்கு மேல்தான், மூன்று வருடத்துக்கு ஒரு தடவை திரும்பப் போட வேண்டும். நேபாளத்திலும் வங்கதேசத்திலும் பிள்ளைகளுக்குப் போட்டுப் பார்த்ததில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் நோயைத் தடுத்திருக்கிறது. உங்கள் மகளுக்குக் காய்ச்சல் இல்லை என்றால் இந்த வாரமே போடுங்கள். ஆனால் கிருமி ஏற்கனவே உள்ளே போயிருந்தால் ஊசி அதைத் தடுக்காது, அதனால் அவளுக்கு உடம்பு சுட்டால் உடனே காட்டுங்கள். மகனுக்கு, குணமாகி நான்கிலிருந்து ஆறு வாரம் கழித்துப் போடலாம். ஒரு தடவை வந்துவிட்டதால் இனி வராது என்பது இல்லை. டைபாய்டு மாதிரியே இருக்கும், ஆனால் உறவுக் கிருமியால் வரும் பாராடைபாய்டுக்கு இந்த ஊசி வேலை செய்யாது.

வருத்தமான விஷயம், அரசின் இலவசத் தடுப்பூசிப் பட்டியலில் இது இன்னும் இல்லை, விலைக்குத்தான் போட வேண்டியிருக்கிறது. வேலூர், டெல்லி, கொல்கத்தா, புனே பக்கம் பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், வேலூர் நகரத்தில் லட்சம் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு ஆயிரத்துக்கு மேல் டைபாய்டு கண்டார்கள். புனே அருகே கிராமப்புறத்தில் 35தான். நெருக்கமான நகரத் தெருக்களில் இருக்கும் பிள்ளைக்குத்தான் இந்த ஊசி அதிகம் தேவை, அங்கேதான் காசு கொடுத்துப் போட முடியாத வீடுகளும் அதிகம்.

வீட்டில்: மகன் கழிப்பறை போய் வந்ததும் அவனும், கழுவிவிடும் நீங்களும் சோப்புப் போட்டு இருபது வினாடி தேயுங்கள், நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். அவனுக்குத் தனித் துண்டு, தனி டம்ளர். தண்ணீர் தளதளவென்று கொதித்து ஒரு நிமிடம் நின்றால் போதும். காய்ச்சிய பாத்திரத்திலேயே மூடி ஆறவிடுங்கள். சூடாக இருக்கிறதே என்று பச்சைத் தண்ணீரை விளாவிக் கொடுப்பது பல வீட்டில் வழக்கம், அதைச் செய்தால் காய்ச்சியதே வீண்.

டேங்க் ஆபரேட்டர் | வியாழன், இரவு 9.10

மூன்று வீடு, ஒரே வரிசை, ஒரே குழாய். தங்கச்சி, இதை இங்கே மட்டும் எழுதிவிட்டு இருக்காதீர்கள். மூன்று வீட்டாரும் சேர்ந்து நாளைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லுங்கள், கல்ச்சர் தாளின் நகலைக் கொடுங்கள். ஊராட்சியில் எழுத்தாக மனு கொடுங்கள். தண்ணீர் விடுகிற நேரத்தில் கடைசி வீட்டுக் குழாயில் குளோரின் பார்க்கச் சொல்லி, கூடவே நில்லுங்கள்.

இரண்டு பிள்ளை அம்மா | அடுத்த செவ்வாய், இரவு 8.00

மகனுக்கு ஞாயிற்றுக்கிழமையிலிருந்து காய்ச்சல் இல்லை. இன்று இட்லி கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். மருந்து இன்னும் சில நாள் இருக்கிறது. மகளுக்கு ஊசி போட்டாயிற்று.

சனிக்கிழமை சுகாதார ஆய்வாளரும் டேங்க் பார்ப்பவரும் வந்தார்கள். தெரு முனைக் குழாயில் மஞ்சள் வந்தது, கடைசி வீட்டில் வரவே இல்லை. அண்ணன் சொன்ன மாதிரியே வாய்க்காலுக்குக் குறுக்கே போகும் இணைப்பு ஒன்று, தளர்ந்த இடத்தில் துணி சுற்றிக் கட்டியிருந்தது. அதை மாற்றிக் குழாயை வாய்க்காலுக்கு மேலே தூக்கிப் போடும் வேலை நடக்கிறது, முடியும்வரை லாரித் தண்ணீர். லைனில் மோட்டார் வைத்திருந்த வீடுகளுக்கு நோட்டீஸ் கொடுத்திருக்கிறார்கள். அதில் ஒரு வீட்டில் காய்ச்சல்காரப் பிள்ளை இருந்தது, அவர்கள் தாங்களாகவே கழற்றிவிட்டார்கள். மற்ற இரண்டு பிள்ளைகளுக்கும் கல்ச்சருக்கு ரத்தம் எடுத்திருக்கிறார்கள். முடிவு வந்ததும் இங்கே எழுதுகிறேன்.